சங்கிலி ராசாவின்ரை வெறும் நெத்தி

தம்பிஐயா வாத்தியாருக்கு அட்டைக் கிரீடத்துக்குள்ளாலை வேர்வை ஒழுகுது. மிஷன் பள்ளிக்கூடத்திலை சரித்திரம் படிப்பிக்கிற மனிசன். மாசத்துக்கு ஒருக்கா, போத்துக்கேயப் பறங்கியளோடை சண்டைபிடிச்ச சங்கிலி ராசாவா வேஷங்கட்டி, ராசா தானே கதைக்கிறமாதிரி யாழ்ப்பாணச் சரித்திரம் சொல்லுவார். முடிய ஆரும் கேள்வி கேக்கலாம். மறுமொழி சொல்லுறது ராசாதான், வாத்தியார் இல்லை. அதுதான் அவர் வைச்ச சட்டம்.

இண்டைக்குச் சுன்னாகத்திலை ஓலைக் கொட்டிலுக்குள்ளை நிறைஞ்ச சனம். முன் வாங்கிலை பள்ளிக்கூட மனேச்சர் றிச்சர்ட் ஐயா இருக்கிறார். அவர் காலமையே சொல்லிப்போட்டார்.

"ராசா என்னவும் கதைக்கட்டும் தம்பிஐயா. திருநீறு மட்டும் வேண்டாம். நீர் ஞானஸ்நானம் எடுத்த ஆள். பூசினீரெண்டால் திங்கக்கிழமை பள்ளிக்கு வராதையும்."

அந்த வேலைக்காகத்தான் ஏழு வரியத்துக்கு முந்தி ஞானஸ்நானமே எடுத்தவர். பெண்சாதி வினிபிரட், மூண்டு பிள்ளையள், எல்லாரும் சாப்பிடுறது அந்த வேலையாலை. அதாலை வெறும் நெத்தியோடை மேடை ஏறினார்.

கதை நல்லாத்தான் போச்சுது. கேள்வி நேரம் வர, வெங்காயத் தோட்டக்காரன் கந்தப்பு எழும்பினார்.

"ராசா, பறங்கியோடை மல்லுக்கட்டின ஆளெல்லே நீங்கள்? நெத்தி ஏன் மொட்டையாக் கிடக்குது?"

"பறங்கி அதையும் பறிச்சுக்கொண்டு போட்டான்போலை!" எண்டு பின்னாலை ஒருத்தன் கத்த, கொட்டில் முழுக்கச் சிரிப்பு.

வாத்தியார் கிரீடத்தை நேராக்கினார். "சண்டையிலை வேர்த்து அழிஞ்சு போச்சுது கந்தப்பு."

சனம் கைதட்டிச்சுது. மனேச்சரும் சிரிச்சார். தப்பினன் எண்டு மூச்சு விட்டார் வாத்தியார்.

கந்தப்பு விடேல்லை. மடியிலையிருந்து திருநீத்துப் பையை அவிட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். இப்ப அந்தாள் பகிடி விடேல்லை. சால்வையை இடுப்பிலை கட்டி, குனிஞ்சு, ரண்டு கையாலையும் நீட்டினார்.

"இந்தாங்கோ ராசா."

நீட்டின திருநீத்தை ஒருத்தரும் வேண்டாமெண்டு சொன்னதை வாத்தியார் தன்ரை சீவியத்திலை கண்டதில்லை. மனேச்சர் கண்ணை எடுக்காமல் பாத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் மூண்டு விரலாலை தொட்டு நெத்தியிலை இழுத்தார்.

றிச்சர்ட் ஐயா எழும்பினார். "ஒரு கேள்வி. இப்ப பூசினது ராசாவோ, நீரோ?"

ராசா எண்டு சொன்னால் வேலை மிஞ்சும். அந்த மனிசன் வழி விட்டுத்தான் கேட்டவர். வாத்தியாருக்கும் அது விளங்கினது. ஆனால் கந்தப்பு இன்னும் குனிஞ்சபடி நிக்கிறார்.

"நான்தான் ஐயா."

ராசாவின்ரை குரல் வரேல்லை. மெல்லிசா அவரின்ரை சொந்தக் குரல்தான் வந்தது.

மனேச்சர் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். சனத்துக்குள்ளையிருந்து துவாயோடை மேடைக்கு வந்த வினிபிரட்டின்ரை முகம் வெளிறிப்போய்க் கிடந்தது.

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன்" எண்டு வாத்தியார் துவாயை வாங்கி நெத்திக்குக் கொண்டு போனார்.

வினிபிரட் அவரின்ரை கையைப் பிடிச்சா.

"இஞ்சாருங்கோ, வேர்வையை மட்டும் துடையுங்கோ."