ஒரு முதுகு, இரண்டு வழக்கு

சிங்காரவேலு மகா மூளைக்காரர். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் தோள் துண்டின் கரை மாறும். நிலம் மட்டும் கைமாறாது. குத்தாலத்துக்குக் கிழக்கே அவருடைய ஒன்றரை ஏக்கரைப் புருஷன் செத்த பிறகும் செவ்வந்தி விடாமல் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தாள். அறுவடையன்று அவளைக் களத்தைவிட்டு விரட்ட, அவரே மூங்கில் தடியால் முதுகில் அடித்தார். தண்டுவடத்தில் வீக்கம் கண்டு, இடதுகால் வரை நரம்பு சுண்டியிழுத்தது.

அவள் போலீசில் எழுதிக் கொடுத்தாள். அவரும் சும்மா இருக்கவில்லை. குத்தகைக்காரர் தானே வயலில் இறங்கிப் பாடுபட வேண்டும் என்கிறது சட்டம். இவளால் குனியவே முடியாது, கூலியாள் வைத்துத்தான் பயிர் செய்கிறாள், குத்தகையை ரத்து செய்யுங்கள் என்று மனுப் போட்டார். அடித்தவனே அடித்த இடத்தைக் காட்டி நிலத்தைக் கேட்கிறான். இந்த அநியாயம் எந்தக் காவிரியில் முங்கினால் தீரும்?

சம்பா நடவின்போது, அவள் தானே நடுகிறாளா என்று தாசில்தார் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. செவ்வந்தி, ஊசி வைத்தியம் பார்க்கும் ஹமீதா பானு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் அவள் இடுப்பிலும் காலிலும் மெல்லிய ஊசிகளைச் செருகி, ஒயர் மாட்டி, சின்னப் பெட்டியின் திருகைத் திருப்பினார். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

“இந்தக் கரண்டு என்னம்மா செய்யும்?”

“வலிய அடக்குற மருந்து ஒடம்புக்குள்ளயே சுரக்கும். நரம்பச் சுத்தியிருக்குற வீக்கமும் கொறையலாம். எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும், வலி போச்சேன்னு ஒடனே வேலைக்கு எறங்கிடாதீங்க. குனியக் கூடாது.”

“குனியத்தானே டாக்டரம்மா வந்தேன்.”

ஹமீதா பானுவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாளும் வரச் சொன்னார்.

செவ்வந்திக்குக் கேட்டது. போகப் போக வலி அடங்கியது. தாசில்தார் வந்த அன்று சேற்றில் இறங்கி, மற்ற பெண்களோடு வரிசை பிசகாமல் நட்டாள். அவர் பார்த்து எழுதிக்கொண்டார். வரப்பில் சிங்காரவேலு ஒரு போட்டோக்காரனோடு நின்று படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிறு எரியட்டும் என்று செவ்வந்தி இன்னும் வேகமாக நட்டாள்.

குத்தகை தப்பியது. சில நாளிலேயே வலி திரும்பியது, முன்னைவிட மோசமாக.

பிறகு மாயவரம் கோர்ட்டில் அடிதடி வழக்கு விசாரணைக்கு வந்தது. சிங்காரவேலுவின் வக்கீல் அந்தப் படத்தை நீட்டினார்.

“முதுகு போச்சுன்னு சொல்ற அம்மா நீங்கதானே இது? ஒங்களால குனிஞ்சு வேலை செய்ய முடியுமா, முடியாதா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முடியாது என்றால், அந்தச் சாட்சியத்தை வைத்தே சிங்காரவேலு மறுபடி குத்தகையை ரத்து செய்யக் கேட்பார். முடியும் என்றால், அடித்தவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இடதுகால் தீயாய் எரிந்தது. கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“முடியுங்க.”

“அப்ப அய்யா அடிச்சதா சொல்றீங்களே, அதுல ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல?”

“ஆகலைங்க.”

சொன்னதை நம்பவைக்கவும் வேண்டுமே. கட்டையை விட்டுவிட்டு, நொண்டாமல், சிங்காரவேலுவின் கண்ணெதிரிலேயே நிமிர்ந்து நடந்து வெளியே போனாள்.