மூன்றாம் ஓலை

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மெல்வின் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராஜபாளையம் சபையைச் சேர்ந்த மெல்வினுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையைச் சேர்ந்த பிளஸ்ஸிக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பாஸ்டர் வாசித்தார். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இப்படி இரண்டு ஊர் சர்ச்சிலும் அறிவிப்பார்கள். ஓலை என்று பேர்தான், வாசிப்பது கம்ப்யூட்டரில் அடித்த தாளை. எழுந்து நின்று தடை சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. தடை சொல்கிறவர்கள் எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில்தான் சொல்வார்கள், அதுவும் சம்பந்தப்பட்டவன் பைக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு.

தன் பேரோடு இன்னொரு பேரைச் சேர்த்து மெல்வின் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான். வயசு நாற்பதை எட்டிப் பார்க்கிறது. அம்மாவும் அப்பாவும் அவன் வெளிநாட்டில் இருந்தபோதே போய்விட்டார்கள். அக்கா ஓசூரில் தன் குடும்பத்தோடு இருக்கிறாள், பண்டிகைக்கு போன் செய்வாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் அவனுக்கு மெயின்டனன்ஸ் வேலை. காலையில் வீட்டைப் பூட்டும்போது டிவியை அணைக்காமல் போவான். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு குரல் கேட்க வேண்டும், அதற்காக. இந்தக் கல்யாணம் நடந்தால் இனி டிவியை அணைத்துவிட்டுப் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே நினைத்தான்.

பிளஸ்ஸி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு இடம் பேசி முறிந்து போனதில் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று இருந்தவள். மெல்வினைப் பார்த்த அன்று, "சமைக்கத் தெரியுமா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். "ரசம் வைப்பேன்" என்றான். "அது போதும், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள். அதிலிருந்து தினமும் அவள் டூட்டி முடிந்ததும் போனில் பேசினார்கள். பேசி முடித்த பிறகும் அவன் போனைச் செத்த நேரம் கையிலேயே வைத்திருப்பான்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவனை உள்ளறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, பொண்ணு வீட்டுல அவுக சித்தப்பா ரத்தினம் ஒரு தடை சொல்லுதாரு. வெளிநாட்டுல நீங்க இஸ்லாத்துல சேந்துட்டதா ஒரு பேச்சு."

மெல்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, உகாண்டால இருந்து வருசா வருசம் நம்ம சபை அசன விருந்துக்குக் காணிக்கை அனுப்பிருக்கேனே!"

"அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க அங்க சுன்னத் பண்ணிக்கிட்டீகளாமே?"

சிரிப்பு நின்றுவிட்டது. உகாண்டாவில் அவனோடு வேலை பார்த்த வைகுண்டராஜ் போன மாதம் லீவில் வந்திருந்தான். அய்யனார் கோவில் அருவியில் குளிக்கப் போன இடத்தில், ஈரத்துண்டோடு நின்று, நாலு பேரைச் சிரிக்க வைக்க அவன் அவிழ்த்து விட்ட கதை அது. ராஜபாளையத்தில் வேடிக்கையாகக் கிளம்பிய பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு மனுஷனை மதமே மாற்றிவிட்டது. எங்கள் சபையார் வருஷப் பிறப்பு ஆராதனையில் விருத்தசேதனத்தை, அதாவது இதே சுன்னத்தைப் பற்றி வருஷம் தவறாமல் வாசிக்கக் கேட்டவர்கள்தான். அது வேதத்துக்குள் இருக்கிற வரைக்கும் ஆமென். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு நடந்துவிட்டால் தடை.

மெல்வின் மதம் மாறவில்லை. அதை நிரூபிக்க வேண்டுமென்றால், வேறு எதற்காக அறுத்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இதைவிடப் பெரிய தடை வந்து நிற்கும்.

உகாண்டாவில் மில் கேன்டீனில் சமைத்த அனெட் என்ற பெண்ணோடு அவன் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தான். ஊரில் யாருக்கும் தெரியாது. அங்கே எச்.ஐ.வி. பற்றிய பேச்சு எங்கே போனாலும் காதில் விழும். ராத்திரி படுத்தால் அந்தப் பயம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஒருநாள் மில்லுக்கு எதிரே இருந்த மைதானத்தில் கூடாரம் போட்டு, ஆண்களுக்கு முன்தோலை எடுக்கிற ஆபரேஷன் இலவசம் என்று மைக்கில் கூவினார்கள். எடுத்துக்கொண்டால் பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து நூற்றுக்கு அறுபது பங்கு குறையும், உகாண்டாவிலேயே ஆராய்ந்து பார்த்தாயிற்று என்றார்கள். ஆணுறையை விட்டுவிடக் கூடாது, முதலில் ரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார்கள். மெல்வினுக்கு அறுபது மட்டும் காதில் விழுந்தது. சோதனை வேண்டாம், ஆபரேஷன் போதும் என்றான். விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை, விட்டுவிட்டார்கள். அவனுக்குக் கட்டின துணி எங்கள் சத்திரப்பட்டித் துணியாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

"டாக்டரு சொல்லிச் செஞ்சதாத்தானே தம்பி இருக்கும்?" பாஸ்டர் இன்னும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மூத்திரம் போறதுல ஏதும் கோளாறு..."

"ஆமாய்யா" என்றான் மெல்வின்.

"அப்ப முடிஞ்சு போச்சு. நான் பேசிக்கிறேன்." நல்ல மனுஷன், கதவை அவரே திறந்து வைத்து, அவரே வழியும் காட்டிவிட்டார்.

சித்தப்பா சமாதானமானார். அன்று சாயங்காலம் பிளஸ்ஸி போன் செய்தாள். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை.

"புதன்கெழம எனக்கு ஆஃப். திருவண்ணாமலைக்கு வாங்க, ஒண்ணு கேக்கணும்."

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய பெருமாள் மலைக்கும் அதுதான் பேர். புரட்டாசி சனிக்கிழமை என்றால் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாளில் ஆள் குறைவு, சபைக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. படிக்கட்டின் அடியில் அவள் முன்னாலேயே வந்து காத்திருந்தாள்.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் அந்த ஆபரேசன் பண்ணுவாக" என்றாள், நேராக. "சித்தப்பாவுக்கு மூத்திரக் கோளாறு போதும். எனக்கு உள்ளதச் சொல்லுங்க. என்னத்துக்குப் பண்ணுனீக?"

பொய் அவன் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் சாயங்காலம் சாயங்காலம் பேசிய அந்தக் குரலிடம் அதைச் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அனெட்டைச் சொன்னான், கூடாரத்தைச் சொன்னான், அறுபதைச் சொன்னான். பிளஸ்ஸி படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சுருங்கியது, ஆனாலும் எழுந்து போகவில்லை.

"அந்த அறுபது நெசந்தான். படிச்சிருக்கேன். ஆனா அது கொறையுமே தவிர, அத்துப் போகாது. அதுவும் பொம்பளகிட்ட இருந்து ஆம்பளைக்கு வாரதுக்குச் சொன்னது. ஆம்பளைக்கு ஏற்கெனவே இருந்தா, பொண்டாட்டிய அது காப்பாத்தாது. பொறவு டெஸ்ட் எடுத்தீகளா?"

"இல்ல."

"ஊருக்கு வந்தும் எடுக்கலையா?"

"பயமா இருந்துச்சு பிளஸ்ஸி. இருக்குன்னு சொல்லிட்டா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

"பூன கண்ண மூடிக்கிட்டா ஒலகம் இருண்டு போயிருமா?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "எடுத்துருங்க. இருந்துச்சுன்னா மாத்திர இருக்கு. ஒழுங்காச் சாப்பிட்டா நல்லாவே இருக்கலாம். என்ன செய்யலாம்னு ரெண்டு பேருமா உக்காந்து பேசுவோம். நான் ஓடிற மாட்டேன்."

அவனிடம் அப்படி ஒரு வார்த்தையை இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். ராஜபாளையத்தில் எடுத்தால் மில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். அனுசியா என்ற ஆலோசகர் அவனை உட்கார வைத்து, அக்கா மாதிரி அமைதியாக விவரம் கேட்டார். அங்கிருந்து வந்து வருஷம் தாண்டிவிட்டது, அதற்குப் பின் யாரோடும் இல்லை என்றான். அப்படியானால் இன்றைக்கு வருகிற முடிவை நம்பலாம் என்றார். காத்திருந்த நேரத்தில் அவன் தெரிந்த ஜெபத்தை எல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னான், ஒன்றையும் முடிக்கவில்லை.

எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது.

அறுத்துக்கொண்டதால் தப்பினேனா, இல்லை எப்படியும் தப்பித்திருப்பேனா என்று அனுசியாவிடம் கேட்டான். "அத யாராலயும் சொல்ல முடியாது தம்பி. கும்பலுக்குத்தான் கணக்கு, ஒத்த ஆளுக்குக் கணக்கு இல்ல" என்றார். அதைப் பற்றி அவனுக்கு அப்போது கவலையே இல்லை. பிளஸ்ஸியின் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அவள் யூனிபார்மோடு வெளியே வந்து, சொன்னதைக் கேட்டு, ரோடு என்றும் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ சொன்னார்கள். கல்யாணப் புடவையின் நிறத்தைப் பற்றிக்கூடப் பேசினார்கள். அப்போதுதான் அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அவுகளுக்கும் சொல்லிட்டீகளா?"

"யாருக்கு?"

"அனெட்டுக்கு. அவுகளுக்கு என்ன வந்துச்சு, டெஸ்ட் எடுத்தாகளா?"

மெல்வின் டம்ளரைப் பார்த்தான். "தெரியாது."

"தெரியாதுன்னா? இப்பத் தெரியாதா, அப்பவே தெரியாதா?"

"கேட்டதில்ல."

"ரெண்டு வருசத்துல?"

அவன் டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினான்.

"ஊருக்கு வரும்போது என்ன சொல்லிட்டு வந்தீக?"

"லீவுல போறேன்னு சொன்னேன். இங்க வந்து சிம் கார்ட மாத்திட்டேன்."

பிளஸ்ஸி டீயை அப்படியே பெஞ்சில் வைத்தாள். பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"நீங்க ஒரு பொம்பளையோட இருந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் கடைசியில். "நோய் இருந்திருந்தாலும் உங்க கூட நின்னுருப்பேன், அது சத்தியம். ஆனா அவுக ஆக்கிப் போட்டதச் சாப்பிட்டு, அவுக பக்கத்துல படுத்து, அவுககிட்ட இருந்து நீங்க மட்டும் தப்பிக்கிறதுக்கு ஒடம்ப அறுத்துக்கிட்டீக. ஒனக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. நாளைக்கு நான் படுக்கையில விழுந்தா, மொதல்ல கதவச் சாத்திட்டு நிக்குறது நீங்களாத்தான் இருக்கும்."

"பிளஸ்ஸி, நான் மாறிருவேன்."

"மாறுங்க. நல்லதுதான். எனக்கு வேணாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சித்தப்பா சொன்ன தடைக்கு ஒரு பொய் போதுமாக இருந்தது. இவள் சொன்னதற்கு மெய்யும் போதவில்லை.

மூன்றாம் ஓலையை இரண்டு சர்ச்சிலும் வாசிக்கவில்லை. மெல்வினின் மதத்தைப் பற்றியும் மூத்திரத்தைப் பற்றியும் வேப்பமரத்தடியில் அன்றைக்கு நல்ல விவாதம் நடந்தது. அங்கே நின்ற யாருக்கும் நிஜம் தெரியாது. பிளஸ்ஸி வீட்டில்கூட, ஒத்துவராது என்று மட்டும்தான் சொன்னாளாம்.

அன்று மத்தியானம் அவன் போனில் கிடந்த பழைய நம்பரைத் தேடி எடுத்தான். மூன்று முறை கூப்பிட்ட பிறகு அனெட் எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அங்கே இருந்தபோது பாதி ஆங்கிலமும் பாதி அவள் ஊர்ப் பாஷையுமாகப் பேசுவார்கள். இப்போது அவள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினாள், தெரியாத ஆளிடம் பேசுவது போல.

"உயிரோடு இருக்கிறாயா?" என்றாள்.

"இருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். நீ எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்திருக்கிறாயா?"

அனெட் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் முன்பு கேட்டதில்லை. "நீ கூடாரத்துக்குப் போன அன்றைக்கே எடுத்தேன். பக்கத்து வரிசையில் பெண்களுக்கு எடுத்தார்கள். எனக்கு இல்லை என்று சொன்னார்கள். நீ கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாய். நீ கேட்டால் சொல்லலாம் என்று கஞ்சி காய்ச்சிக்கொண்டு காத்திருந்தேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே?"

"என்னைப் பார்த்துப் பயந்துதானே அறுத்துக்கொண்டாய். பயப்படுகிறவன் கேட்பான் என்று நினைத்தேன். நீ போன பிறகு இன்னொரு முறையும் எடுத்தேன். அந்த முறை உன்னை நினைத்துப் பயந்து." பாத்திரம் ஒன்றை மூடுகிற சத்தம் கேட்டது. "அப்போதும் இல்லை. யார் உன்னைக் கேட்கச் சொன்னது?"

அவன் மறைக்கவில்லை. "கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்."

"இருந்த?"

"ஆமாம்."

பாத்திரச் சத்தம் நின்றது. "அவள் பேர் என்ன?"

"பிளஸ்ஸி."

"பிளஸ்ஸியிடம் சொல், எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று. கேட்டதற்கு நன்றி என்றும் சொல்." போனைத் துண்டித்துவிட்டாள்.

அவன் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் பிளஸ்ஸிக்கு அனுப்பினான். உடனே பார்த்துவிட்டாள். ஏதோ அடித்தாள், நிறுத்தினாள், மறுபடி அடித்தாள். மெல்வின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

'அவுகள உடம்பப் பாத்துக்கிறச் சொல்லுங்க' என்று வந்தது. அவனுக்கென்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.