நண்டுக்கு விழுந்த ஓட்டு

எட்வின் தர்லோவுக்கு அந்தப் புதன்கிழமை ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சாயங்காலம் நாடாளுமன்றத்தில் நடக்கவிருந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போடாமல் தப்பிக்க வேண்டும். தப்பித்ததற்காக யாரிடமும் திட்டு வாங்கவும் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்று நாடு தீர்ப்பளித்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு பிரதமர் வீட்டுக்குப் போய், அடுத்து வந்தவரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். விவாகரத்து என்று முடிவாகிவிட்டது. எந்தப் பாத்திரம் யாருக்கு என்பதில்தான் தினமும் சண்டை. அன்றைய பாத்திரம் நண்டு.

உயிர் நண்டு ஏற்றிய லாரிகள் விலகலுக்குப் பிறகும் பழைய காகிதத்தோடே பிரான்சுக்குள் போகலாம் என்று மசோதாவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எதிர்க்கட்சி திருத்தம் கொண்டுவந்திருந்தது. சாதாரண காலமாக இருந்தால் நாலு பேர் கொட்டாவி விட்டபடி நிறைவேற்றியிருப்பார்கள். இது சாதாரண காலம் இல்லை. பழைய காகிதம் என்றால் பழைய அடிமைத்தனம் என்று ஆளுங்கட்சி சொல்லிவிட்டது. திங்கட்கிழமை மாலைக்குள் நண்டு தேசத்துரோகியாகிவிட்டது.

தர்லோ ஆளுங்கட்சி உறுப்பினர். கிழக்குக் கடற்கரையில் உள்ள ஹார்ன்ஸ்பி அவருடைய தொகுதி. அங்கே நூற்றுக்கு எழுபது பேர் விலகச் சொன்னவர்கள். அதே ஊரில் நானூறு பேர் ஏற்றுமதிக்கான நண்டுப் பட்டறையில் வேலை செய்தார்கள். அந்த நானூறு பேரிலும் முக்கால்வாசிப் பேர் விலகச் சொன்னவர்களே. தர்லோ மட்டும் இருப்போம் என்று போட்டிருந்தார். அது அவருக்கும், வாக்குச்சாவடியில் நூல் கட்டித் தொங்கிய பென்சிலுக்கும் மட்டுமே தெரியும்.

திருத்தத்தை எதிர்த்துப் போட்டால் பட்டறை முடங்கும். ஆதரித்துப் போட்டால் சீட் போய்விடும். ஹார்ன்ஸ்பி கட்சிக் கிளையின் தலைவி மொரீன் கேட்ச்போல் காலையிலேயே போனில் அதைச் சொல்லிவிட்டார். மொரீனுக்கு எழுபத்திரண்டு வயது. நாய்க் கண்காட்சிகளில் நடுவர். கட்சி விதிப்புத்தகத்தைக் கைப்பையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

"எட்வின், வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம். உனக்கு மறுபடி சீட் குடுக்கலாமா வேணாமான்னு ஓட்டெடுப்பு."

"மொரீன், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. பண்ணுவியோன்னுதான் கூட்டம்."

"நீங்க எப்படிப் போடுவீங்க?"

"நான் தலைவி. தலைவி ஓட்டுப் போடறதில்ல. பதினேழாம் விதி. பதினாலு வருஷமா மெம்பரா இருக்க, ஒரு தடவையாவது அதப் பொரட்டிப் பாத்திருக்கியா?"

தர்லோ தப்பிக்க நினைத்த வழி பழையது, கௌரவமானது. அதற்கு ஜோடி கட்டுதல் என்று பெயர். ஆளுங்கட்சியில் ஒருவர், எதிர்க்கட்சியில் ஒருவர். இவர் இல்லை என்று போட வேண்டியவர், அவர் ஆம் என்று போட வேண்டியவர். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறையும், வித்தியாசம் மாறாது. இதற்கு ஒப்பந்தம் கிடையாது, கையெழுத்து கிடையாது. இரண்டு கட்சிக் கொறடாக்களும் தங்கள் நோட்டில் பெயரைக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாய்ச்சொல். எழுதி வைக்காததை மீறுவது எழுதி வைத்ததை மீறுவதைவிடப் பெரிய பாவம் என்று நம்புகிற ஊர் அது.

ஜோடியாகக் கிடைத்தவர் க்வெண்டா ப்ராஸர். எதிர்க்கட்சி, வேல்ஸ்காரி, அறுபத்து நாலு வயது. பல்கலைக்கழக ஊர் ஒன்றின் உறுப்பினர். அவருடைய தொகுதியில் ஒன்றியக் கொடியைப் போர்த்திக்கொண்டு நாய்களே நடைபயிற்சி போகும்.

ஆறரை மணிக்கு இருவரும் நாடாளுமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த மதுக்கடையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கடைச் சுவரில் ஒரு மணி உண்டு. சபையில் வாக்கெடுப்பு அறிவித்தால் அதுவும் அடிக்கும். அடித்ததிலிருந்து சரியாக எட்டு நிமிடம். பிறகு கூடத்துக் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு பிரதமரே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார்கள்.

தர்லோ மீன் வறுவல் வாங்கினார். க்வெண்டா பலகையைப் பார்த்து நண்டு சாண்ட்விச் கேட்டார்.

"ஹார்ன்ஸ்பி நண்டுன்னு போட்டிருக்கு. உங்க ஊரு பிரஜைதானே?"

"எங்க ஊர்ல செத்தது. நல்லதெல்லாம் உயிரோட ஸ்பெயினுக்குப் போயிடும். மிச்சத்தைப் பிசைஞ்சு ரொட்டில தடவி நமக்குக் குடுப்பாங்க."

"பாவம், அதுக்காவது இங்கேருந்து தப்பிக்க வழி இருக்கே." க்வெண்டா ஒரு கடி கடித்தார். "ஆமா, தண்ணியில்லாம நண்டு எவ்வளவு நேரம் தாங்கும்?"

அவர் சும்மா கேட்டார். ஆனால் தர்லோவிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தண்ணியில்லாம ஏன் போகணும்? லாரிக்குள்ளயே கடல் இருக்கு. அடுக்கடுக்கா தொட்டி. கடல் தண்ணி ஒரு குழாய் வழியா மேல ஏறி, ஒவ்வொரு தட்டா வழிஞ்சு, கீழ வந்து வடிகட்டி மறுபடி ஏறும். எட்டு டிகிரி குளிர். நண்டு தூங்காது, ஆனா சண்டை போடாது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நண்டுக்கும் கொடுக்கோட மூட்டுல ஒரு நரம்பை நறுக்கி விடணும், இல்லாட்டி ஒன்னையொன்னு கிழிச்சுக்கும்."

"எங்க கட்சிக்கும் அப்படி ஒரு ஏற்பாடு பண்ணலாம்."

"கேளுங்க அம்மணி. தண்ணி சுத்திக்கிட்டே இருந்தாலும் அதுங்க விடற கழிவு சேந்துக்கிட்டே இருக்கும். மூணு நாள் கணக்கு. ஹார்ன்ஸ்பிலேருந்து வட ஸ்பெயின் ரெண்டரை நாள். கையில மிச்சம் அரை நாள்தான். துறைமுகத்துல புதுக் காகிதம் பாக்கறேன்னு ஒரு நாள் நிறுத்தினா..."



"நிறுத்தினா?"

"ஒன்னு செத்தா தண்ணி கெடும். தண்ணி கெட்டா பத்து சாகும். கதவைத் திறக்கறப்போ லாரி முழுக்கப் பொணம்."

சொல்லிவிட்டுத் தன் தட்டைப் பார்த்தார். வாரக்கணக்காக அவர் மண்டையில் இருந்த கணக்குத்தான். வாய்விட்டு யாருக்கும் விளக்கியதில்லை. விளக்கிய பிறகு அது வேறு மாதிரி இருந்தது.

சுவரில் மணி அடித்தது.

கடையில் இருந்த ஆறேழு உறுப்பினர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். ஒருவர் வாயில் உருளைக்கிழங்கோடு ஓடினார். ஜோடி கட்டிய இருவரும் பெரிய மனிதர்களாய்ப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நமக்கென்ன, நிம்மதியாச் சாப்பிடலாம்" என்றார் க்வெண்டா.

"ஆமாமா."

இரண்டு நிமிடம் மென்றார்கள்.

"கழிவறைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார் தர்லோ.

"போங்க போங்க. நானும் பொண்ணுக்கு ஒரு போன் பண்ணணும்."

அந்த நாட்டில் நாற்காலியில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனால் திரும்பி வருகிறேன் என்று சத்தியம் செய்ததற்குச் சமம். தர்லோ கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனார். கழிவறை ஜன்னல் சின்னதாக இருந்தது. அவர் சின்னதாக இல்லை. சமையலறை வழியாகப் பின்சந்துக்கு வந்து ஓடினார். சாலையைக் கடக்க ஒரு நிமிடம், முற்றத்தில் ஒன்று, படிகளில் இரண்டு. ஆம் என்று போடுகிறவர்களின் கூடத்துக்குள் அவர் நுழையவும் பின்னால் கதவு பூட்டவும் சரியாக இருந்தது.

வாக்கெடுப்பு எப்படி என்றால், கை தூக்குவது கிடையாது, பொத்தானும் கிடையாது. சபையின் இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கூடங்கள், ஒன்று ஆம், ஒன்று இல்லை. எதற்குள் நடக்கிறீர்களோ அதுவே உங்கள் ஓட்டு. எழுத்து வரிசைப்படி மேசையில் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு ஒடுங்கிய கதவு வழியாக ஒவ்வொருவராக வெளியேற, வாசலில் நிற்பவர்கள் ஆட்டு மந்தையை எண்ணுவது போல் சத்தமாக எண்ணுவார்கள்.

ஆம் கூடம் முழுக்க எதிர்க்கட்சி. ஏறக்குறைய முந்நூறு தலை திரும்பி அவரைப் பார்த்தது.

"வழி மாறி வந்துட்டீங்களா சார்?" என்றான் ஒருவன்.

"இல்ல" என்றார் தர்லோ மூச்சு வாங்க. "நண்டு."

எண்ணி வெளியே விட்டார்கள். நடுமண்டபத்துக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து இல்லை கூடத்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். நடுவில் கோட்டில்லாமல், தலை கலைந்து, முகம் சிவந்து ஒரு பெண்.

"பொண்ணு லைன்ல கிடைச்சாளா?" என்றார் தர்லோ.

"கழிவறை சுத்தமா இருந்துச்சா?" என்றார் க்வெண்டா.

"வாக்குக் குடுத்தீங்களே அம்மணி!"

"நீங்க மட்டும் என்ன, கொழுக்கட்டையா குடுத்தீங்க? யோவ், நாப்பது வருஷமா எனக்கு அந்த ஒன்றியம் பிடிக்காது. மொதலாளிங்க கிளப்பு அது. எங்க ஊர்ல வெளிய சொன்னா என்னை உப்புல ஊற வச்சிடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள், யாரும் பாக்கலைன்னு, மனசாரப் போடலாம்னு வந்தேன்."

"பேர் பட்டியல் நாளைக்கு அச்சுல வருமே!"

"ஓடறப்போ அது ஞாபகம் வரல" என்றார் க்வெண்டா.

முடிவை வாசித்தார்கள். ஆம் இருநூற்று எண்பத்தெட்டு. இல்லை இருநூற்று எண்பத்தெட்டு.

சமன் வந்தால் சபாநாயகர் போட வேண்டும். ஆனால் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. அதற்கு ஒரு மரபு உண்டு. பாதிப் பேர் விரும்பாத மாற்றத்தை ஒற்றை ஆளாக அவர் கொண்டுவரக்கூடாது. ஆகவே எது ஏற்கெனவே இருக்கிறதோ அதற்கே போடுவார். மசோதா இருக்கிறபடியே இருக்கட்டும், திருத்தம் வேண்டாம் என்றார் சபாநாயகர். நண்டு தோற்றது.

இரண்டு கொறடாக்களும் ஒருவரை ஒருவர் நம்பிக்கைத் துரோகி என்று கத்த வாயைத் திறந்து, நோட்டைப் பார்த்து, மூடிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் ஜோடியை முறித்திருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிட்டது. ஜோடி முறியவில்லை என்றே எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஹார்ன்ஸ்பி மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் எண்பத்தாறு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பதினொரு பேர் நண்டுப் பட்டறை ஆட்கள். மேடையில் மொரீன்.

"எட்வின், நீ ஒன்றியத்துக்கு வால் பிடிச்சது ஒரு பக்கம். அதைக்கூட விட்டுடலாம். ஒரு பொம்பளைக்கு வாக்குக் குடுத்துட்டு, சாப்பாட்டு மேசையிலேருந்து கழிவறைன்னு பொய் சொல்லி ஓடினியாமே? எங்க வளர்ந்த நீ?"

கூடம் முழுக்க உச்சுக் கொட்டியது. தேசத்துரோகத்துக்குக்கூட அவ்வளவு உச்சு விழவில்லை.

தர்லோ மன்னிப்புக் கேட்க எழுதி வைத்திருந்தார். காகிதம் பைக்குள்ளேயே இருந்தது. லாரிக்குள் கடல் எப்படிச் சுற்றுகிறது என்று தொடங்கி, எட்டு டிகிரி, அரை நாள், ஒரு நண்டு செத்தால் பத்து என்று விளக்கி முடித்து உட்கார்ந்தார்.

பட்டறையில் நண்டு ஓடு உடைக்கும் பெண், டெனிஸ் வால்கிரேவ், எழுந்தாள். "நான் விலகணும்னுதான் போட்டேன். நாளைக்கு வச்சாலும் அதான் போடுவேன். இவர் பொய்யர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நண்டு விஷயத்துல சொன்னது அத்தனையும் சரி. நரம்பு நறுக்கறது இடது கொடுக்குல கொஞ்சம் மேல, அது மட்டும் தப்பு."

வாக்குச்சீட்டுகளைப் பெட்டியில் போட்டு எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். சீட் பறிக்க நாற்பத்து மூன்று. வேண்டாம் என்று நாற்பத்து மூன்று.

மொரீன் கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடி, பிறகு விதிப்புத்தகம். பதினேழாம் விதியின் இரண்டாம் பத்தியைத் தனக்குள் வாசித்தார். தர்லோவுக்குப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. புதன்கிழமை அதே விதிதான் அவர் கழுத்தை அறுத்தது.

"சமன் வந்தா தலைவி போடணும்" என்றார் மொரீன் பல்லைக் கடித்துக்கொண்டு. "போட்டா இருக்கறதுக்குத்தான் போடணும், மாத்தறதுக்கு இல்ல. இருக்கறது..." தர்லோவைக் கண்காட்சியில் நொண்டி நாயைப் பார்ப்பது போல் பார்த்தார். "இருக்கறது இதுதான். கூட்டம் முடிஞ்சது. டீ கோப்பையெல்லாம் எட்வின் கழுவுவான்."

எண்பத்தேழு கோப்பைகள். நாற்பதாவதில் மொரீன் ஒரு துணியோடு வந்து பக்கத்தில் நின்று துடைக்கத் தொடங்கினார்.

"அந்த நண்டுத் திருத்தம் அவ்வளவுதானா?"

"மேல்சபைல மறுபடி சேப்பாங்க போலிருக்கு. அடுத்த மாசம் எங்ககிட்ட திரும்பி வரும்."

"வந்தா?"

"அப்பவும் அதான் போடுவேன், மொரீன்."

மொரீன் ஒரு கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கறை இருக்கிறது என்று திரும்பத் தண்ணீரில் போட்டார்.

"போடு. ஆனா ஜோடி மட்டும் கட்டித் தொலைக்காத" என்றார்.