ஊதிப்போன கதவு

புயல் கரை கடந்த பிறகும் மழை விட்டபாடில்லை. மலைச்சரிவின் அடியில் இருந்த வீட்டில் பின்னறைக் கதவு மறுபடியும் நிலையில் இறுகிக்கொண்டது.

"மரம் ஈரம் குடிச்சு ஊதிடுச்சு" என்றார் தச்சர். காலையில்தான் அதன் மேல்விளிம்பை இழைத்திருந்தார். இப்போது இடித்துத் திறந்து, கீலிலிருந்து கழற்றிக் கூடத்தில் சாய்த்து, மறுபடியும் இழைப்புளியை எடுத்தார்.

பின்னறைக் கட்டிலில் அவருடைய மாமனார். ஒழுகலை அடைக்கக் கூரையேறி விழுந்ததில் இடுப்புவரை மாவுக்கட்டு.

"மாப்பிள்ளை, இப்படியே சீவினா அது ஜன்னல் கதவாயிடும்."

"தெரு முழுக்க நான் செஞ்ச கதவுதான் மாமா. யாரும் குறை சொன்னதில்ல."

"உள்ள மாட்டிக்கிட்டவங்க சொன்னது வெளிய கேட்டிருக்காது."

தச்சரின் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் அப்பாவுக்குப் போர்வை எடுக்க பீரோவைத் திறந்தாள். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை.

"என்னங்க, பீரோவும் ஊதிடுச்சு போல. அது இரும்பாச்சே!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். தச்சரின் கை நின்றது. சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளிருந்த குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"மரம் இல்ல" என்றார். "வீடே நகருது. கிளம்பு."

"நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார் மாமனார். "என்னைத் தூக்கினா சேத்துல மூணு பேரும் விழுவோம்."

"சும்மா இருப்பா" என்று அதட்டிவிட்டு மகள் தெருவில் இறங்கி வீடுவீடாகக் கத்தினாள். எதிர்வீட்டு லாரி டிரைவர் ஓடி வந்தார். தச்சர் கழற்றிய கதவைக் கட்டிலை ஒட்டி வைத்தார். மாமனாரை அதில் நகர்த்திப் புடவையால் கட்டினார்கள்.

சரிவிலிருந்து விலகி, எதிர்மேட்டில் பள்ளிக்கூடம். அதன் வராந்தாவில் கதவை இறக்கும்போது பின்னால் ஒரு சத்தம், கல் லாரி பாரத்தைக் கொட்டுவது போல. நிற்கவேயில்லை. மண்ணும் பாறையும் வேரோடு மரங்களும் கூழாகக் குழைந்து தெருவின்மேல் இறங்கின. ஆட்கள் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள். வீடுகள் இல்லை.

தச்சரின் முழங்கையில் இன்னும் மரச்சுருள் ஒட்டியிருந்தது.

"காலையிலயே மட்டம் வச்சுப் பாத்திருக்கணும் மாமா."

மாமனார் படுத்தபடியே இழைத்த விளிம்பைத் தடவினார்.

"இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க மாப்பிள்ளை. இந்த அளவுக்கு ஒரு நிலை செஞ்சு, சுத்தி வீட்டைக் கட்டிக்கலாம்."

தச்சர் தலையாட்டினார்.

"இனிமே இதை இழைக்க மாட்டேன்" என்றார்.

அப்போதுதான் மகள் அழத் தொடங்கினாள்.