எதிர்க்கடை வரை வந்தவர்

குளிர் தொடங்கியதும் ருக்னெத்தின் பே ஆண்டுக்கு ஒருமுறை ஸெய்ரெக் சரிவுத் தெருவுக்கு வருவார். அங்கே பழைய போஸாக் கடைக்கு நேர் எதிரே கடலைக் கடை. சுடச்சுட வறுத்த கொண்டைக்கடலை ஒரு பொட்டலம் வாங்கி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுவார்.

அந்தத் தெருவில் அப்படிச் செய்கிறவர் வேறு யாரும் கிடையாது. இங்கே கடலை வாங்கியவர்கள் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போவார்கள். பட்டைப்பொடி தூவிய போஸாவின் மேல் கடலையைக் கொட்டி, கெட்டியான அந்தப் புளித்த கூழை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவார்கள். கடலைக் கடை இருப்பதே அதற்காகத்தான். கடலையை வாங்கிவிட்டு எதிரே போகாமல் திரும்புகிறவர், பள்ளிவாசல் வாசலில் கால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறவரைப் போலத்தான்.

கடைக்காரர் தஹ்சினுக்கு இது முப்பது குளிர்காலப் பழக்கம்.

"வாங்க ருக்னெத்தின் பே. இந்த வருஷமும் கடலை மட்டும்தானா?"

"கடலைக் கடைக்கு வந்தா கடலைதானே வாங்கணும்."

"அதுக்கில்ல. ரோட்டைக் கடக்குறதுக்கு முனிசிபாலிட்டி வரி எதுவும் போட்டிருக்கானோன்னு பார்த்தேன்."

வேறு எவன் சொல்லியிருந்தாலும் ருக்னெத்தின் பே திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். தஹ்சினிடம் மட்டும் பொறுத்துக்கொண்டார். அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது ஒரு காரணம். தெரிந்தும் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது இன்னொரு காரணம்.

அவர் நீதிபதி வீட்டுப் பிள்ளை; பெயரோடு 'பே' என்ற மரியாதையும் சேர்ந்தே வரும். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாமல் நடப்பார். அவருக்கு ஒரே தங்கை, நெஸிஹே. எதிரே இருந்த போஸாக் கடை அவளுடைய புகுந்த வீடு. பிரிஸ்ரெனிலிருந்து வந்த அல்பானியக் குடும்பம். நல்ல மனிதர்கள் என்று ஊரே சொன்னது. ஆனால் நீதிபதியின் மகள், போஸா கிண்டுகிறவன் மகனை, பெரியவர்களைக் கேட்காமல் திருமணம் செய்துகொண்டாள். தகப்பனார் அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். வீட்டின் பெயர் ருக்னெத்தின் கையில் வந்து சேர்ந்த முதல் வருடமே அது கைதவறிப் போனதாக அவருக்குத் தோன்றியது.

திருமணத்துக்குப் பின் வந்த முதல் பெருநாளில் நெஸிஹே கணவனோடு வந்து வீட்டு மணியை அடித்தாள். பெருநாள் அன்று எதிரிக்குக்கூட யாரும் கதவைச் சாத்துவதில்லை. ருக்னெத்தின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திறக்கவில்லை. மூன்று முறை மணி அடித்தது. பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூட அவர் தன்னை நியாயப்படுத்திக்கொண்டிருப்பார். ஒரு வீட்டுத் தலைவன் சில சமயம் கல்லாக இருக்கத்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி நியாயப்படுத்த முடியாமல் போனது நான்கு வருடம் கழித்து, ஒரு ஜனவரி மாதத்தில். அம்மா மூன்று வாரமாகப் படுக்கையில் கிடந்தாள். எதுவும் இறங்கவில்லை. ஒரு நாள், "போஸா வேணும்" என்றாள். எந்தக் கடைப் போஸா என்று மகனுக்குப் புரிந்தது. புரிந்தும் பனியில் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய் வேறு ஒரு கடையில் வாங்கி வந்தார். வீட்டிலிருந்ததிலேயே நல்ல கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பட்டைப்பொடி தூவி ஊட்டினார். அம்மா ஒரு வாய் வாங்கினாள். விழுங்காமல் சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு மகளின் பெயரைச் சொல்லி, இது அவள் வீட்டுப் போஸா இல்லை என்றாள். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

துக்கத்துக்கு நெஸிஹே வந்திருந்தாள். பெண்களோடு ஓரமாக உட்கார்ந்து ஓதினாள். போகும்போது அத்தையிடம் கேட்டிருக்கிறாள்: அம்மா கடைசியில் என் பேரைச் சொன்னார்களா? அத்தை வந்து ருக்னெத்தினிடம் கேட்டாள். வீடு நிறைய ஆட்கள். எல்லோர் முன்பும் அவர் சொன்னார்: "இல்லை. ஒரு தடவைகூட அவ பேரை எடுக்கல."

வீட்டு மானத்துக்காகச் சொன்ன பொய் அது. அடுத்த குளிர்காலத்திலிருந்து அவர் கடலைக் கடைக்கு வர ஆரம்பித்தார். எதிரே, ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், நீலத் தலைத்துணி கட்டிய பெண் ஒருத்தி கல்லாவில் தெரிவாள். இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்வார். உள்ளே போய் உண்மையைச் சொல்ல நினைப்பார். மூத்தவன் இளையவள் வாசலுக்குப் போகும் வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. கடலை ஆறுவதற்குள் திரும்பிவிடுவார்.

இந்த வருடம் வரும் வியாழக்கிழமை அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. டாக்டர் நல்ல வார்த்தைதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"தஹ்சின்," என்றார் ருக்னெத்தின் பே, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு. "அது கடைதானே. யார் வேணும்னாலும் போகலாம் இல்லையா?"

தஹ்சின் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "நான் தினமும் போறேன். இதுவரைக்கும் யாரும் ஏன் வந்தேன்னு கேட்டதில்ல" என்றான்.

ருக்னெத்தின் பே தெருவைக் கடந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடையில் கூட்டம் குறைந்திருந்தது. பெரிய சலவைக்கல் தொட்டிகளில் போஸா வெளிர் மஞ்சளாகப் படிந்திருந்தது. புளிப்பும் பட்டையும் கலந்த வாசனை. அவர் நேராகக் கல்லாவுக்குப் போனார். நீலத் தலைத்துணிக்காரி நிமிர்ந்தாள்.

நெஸிஹே இல்லை. முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். ஆனால் அந்த நெற்றி அவருடைய அம்மாவின் நெற்றி. எந்த வருடத்திலிருந்து இவளைத் தங்கை என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போனோம் என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, உட்காருங்க. ஒரு தம்ளர்தானே?"

"ஒண்ணு போதும்."

தம்ளர் வந்தது. அவர் கடலையைப் போடவில்லை. ஒரு ஸ்பூன் எடுத்து, வாயில் வைத்து, விழுங்காமல் இருந்தார். அக்கரையில் வாங்கியது வெறும் புளிப்பு. இதில் புளிப்புக்கு அடியில் ஒரு மெல்லிய இனிப்பு இருந்தது. இதை ஒரு தடவை சாப்பிட்டவர் ஏமாற மாட்டார். அப்படியானால் அம்மா இதற்கு முன்பு சாப்பிட்டிருக்கிறாள். அவருக்குத் தெரியாமல் எப்போதோ இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள், அல்லது யாரோ கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருடமாக இது அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க எதிர்க்கடைக்கு வர்றவர்தானே? கடலை வாங்கிட்டுத் திரும்பிப் போறவர்."

"பார்த்திருக்கியா?"

"நான் பார்த்ததைவிட எங்கம்மாதான் பார்ப்பாங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சு மாடியிலேயே இருக்காங்க, அஞ்சு வருஷமா. சன்னலோரம் நாற்காலி. உங்களப் பார்த்துட்டா, 'அந்த ஆள் வந்தாச்சு, இனிமே குளிருதான்'னு சொல்லுவாங்க. வானிலை அறிக்கை மாதிரி."

அவர் தம்ளரைத் தள்ளி வைத்தார். "உங்கம்மாவைப் பார்க்கணும்."

"யாருன்னு சொல்லட்டும்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வேறு எங்கும் அவருக்குப் பெயர் சொல்ல நேர்ந்ததில்லை. அவரைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்கள்.

"நீதிபதி வீட்டு ருக்னெத்தின்னு சொல்லு."

அந்தப் பெண்ணின் முகத்தில் வியாபாரச் சிரிப்பு மறைந்தது. "மாமாவா?" என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்கிறாள் என்பது கேட்கும்போதே தெரிந்தது. பதிலுக்கு நிற்காமல் பின்பக்கப் படியேறிப் போனாள்.

திரும்பி வர நேரமானது. வந்தவள் சற்றுத் தள்ளியே நின்றாள்.

"அம்மா இப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. நானா ஒண்ணும் சேர்க்கல. கடைக்கு வந்தவருன்னா, குடிச்சிட்டுப் போகட்டும், காசு வாங்காதே. வீட்டுக்கு வந்தவருன்னா, மேலே வந்து மணி அடிக்கட்டும்."

கடை என்ற சாக்கு அந்த இடத்தில் முடிந்தது. ருக்னெத்தின் பே எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார். பதினெட்டுப் படி. பதினொன்றாம் படியில் மூச்சு வாங்க நின்றார். பின்னால் வந்த தங்கை மகள் முழங்கையைத் தொட்டாள். அவர் விலக்கவில்லை.

"உன் பேரு என்ன?"

"மெலிஹா."

அது அவருடைய அம்மாவின் பெயர். மீதிப் படிகளை அவர் பேசாமல் ஏறினார்.

மேலே கதவு சாத்தியிருந்தது. மெலிஹாவிடம் சாவி இருந்தது. அவள் எடுக்கவில்லை. அவர் மணியை அழுத்தினார். உள்ளே ஊன்றுகோல் தரையில் படும் சத்தம், ஒரு இடைவெளி, மறுபடி சத்தம். நெடுநேரம் வந்துகொண்டே இருந்தது. வருகிறாளா, நின்றுவிட்டாளா என்று கதவின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

கதவு திறந்தது. நரைத்த, குட்டையான ஒரு கிழவி நின்றாள். கண்ணைப் பார்த்துத்தான் தங்கை என்று அடையாளம் கண்டார்.

"உள்ள வாங்க அண்ணா. அங்க வீட்டுச் செருப்பு இருக்கு, போட்டுக்கங்க, தரை சில்லுனு இருக்கு."

மூத்தவர் கையை முத்தமிடும் வழக்கப்படி அவள் குனியவில்லை. குனிய முடியாததாலா, மனமில்லாததாலா என்று அவர் ஆராயவில்லை. சன்னலோர நாற்காலியில் அவள் உட்காரும்வரை நின்றிருந்து, பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் பெருநாள் அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்" என்றார்.

"தெரியும். இருமுனீங்க."

"கேட்டுச்சா?"

"எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டுச்சு. படியிறங்கும்போது, 'உங்க அண்ணனுக்கு நெஞ்சுல சளி, கஷாயம் கொடுக்கச் சொல்லு'ன்னார். சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வந்ததில்ல."

ருக்னெத்தின் பே தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டிருந்தார். வகுப்பில் கடினமான கணக்கை ஆரம்பிக்கும்போது வரும் அதே குரலில் பேசினார். ஜனவரி, பனி, அம்மா கேட்டது, அவர் பாலத்தைக் கடந்தது, அம்மா சொன்னது. எதையும் மென்மையாக்கவில்லை. கடைசியில், "அத்தைகிட்ட நான் சொன்னது பொய். அம்மா உன் பேரைச் சொன்னாங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று முடித்தார்.

கீழே யாரோ கடையில் குரல் கொடுத்தார்கள். மெலிஹா கதவருகே நின்றவள் அசையவில்லை.

"முப்பது வருஷம்" என்றாள் நெஸிஹே. குரல் உயரவில்லை. "உங்களை இந்தச் சன்னல்ல இருந்து அஞ்சு வருஷம், அதுக்கு முன்னாடி கல்லாவுல இருந்து இருபத்தஞ்சு வருஷம் பார்த்திருக்கேன். ஒவ்வொரு வருஷமும் இதையும் பையில வச்சுக்கிட்டுத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"வச்சுக்கிட்டே திரும்பிப் போனீங்க."

"ஆமா."

"நீங்க கடலை வாங்குறப்போல்லாம் நினைப்பேன், அம்மா என்னை வெறுத்துட்டுப் போனதாலதான் அண்ணனும் வரமாட்டேங்கிறார்னு. அம்மா பேச்சைத் தாண்ட மாட்டாரே, அதுலயாவது நல்லவர்தானேன்னு." நிறுத்தினாள். "போங்க அண்ணா. உங்களைத் திட்டக்கூட எனக்கு வார்த்தை வரல."

அவர் எழவில்லை. எழுந்து போகச் சொல்லியும் எழாமல் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. நெஸிஹே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தஹ்சினின் கடையிலிருந்து புகை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாங்களா, படுத்திருந்தாங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ரெண்டு தலகாணி வச்சு சாய்ஞ்சு. பச்சைப் போர்வை."

"ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்குமே, அதுவா?"

"அதேதான். பிரிஞ்ச நூலை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க."

"வலி இருந்துச்சா?"

"அன்னிக்கு இல்ல. முகம் தெளிவா இருந்துச்சு."

"எத்தனை ஸ்பூன்?"

"ஒண்ணு."

அவள் தலையசைத்தாள். ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வதுபோல இருந்தது. பிறகு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"பேரைச் சொன்னாங்கன்னீங்களே. எப்படிச் சொன்னாங்க? நெஸிஹேன்னா?"

ருக்னெத்தின் பே தொண்டையைச் செருமினார். சின்ன வயதில் தங்கையை அம்மா மட்டும் கூப்பிடும் பெயர் ஒன்று இருந்தது. கொஞ்சிக் கூப்பிடுவது. அந்த வீட்டில் ஆண்கள் யாரும் அதை உச்சரித்ததில்லை.

"இல்ல" என்றார். "'நெஸோஷ்'னு சொன்னாங்க."

"அப்படி இல்ல அண்ணா. அம்மா சொன்ன மாதிரி சொல்லுங்க."

மெலிஹா நின்றுகொண்டிருந்தாள். நீதிபதி வீட்டு மூத்த பிள்ளை முதுகைச் சற்றே தளர்த்தி, நடு எழுத்தை நீட்டி, படுக்கையில் கிடந்த ஒரு கிழவியின் மெலிந்த குரலில், "நெஸோ...ஷ்" என்றார்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை."

அவர் சொன்னார்.