ஒட்டகத்தின் பூட்டு

அடுப்பிலிருந்து வந்த தட்டு அவள் மணிக்கட்டில் பட்டது. பக்கத்தில் நின்று பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தவள்தான் பதறினாள். இவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. சரி என்று அடுத்த ரொட்டியை எடுத்து உறையில் போட்டாள். இரண்டு வருஷமாக அவள் இப்படித்தான். சோறு ருசிக்கிறதா என்று கேட்டால் சாப்பிட்டாயிற்று என்பாள், தூக்கம் வந்ததா என்றால் விடிந்துவிட்டது என்பாள். அழுதால் தேவலை என்று பார்ப்பவர்கள் சொன்னார்கள். அழுகை என்ன, குழாயைத் திருகினால் வருகிற தண்ணீரா?

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று சம்மதக் கடிதம், இன்னொன்று ஆட்சேபக் கடிதம். சைரன் மறுபடியும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாராம். விபத்தில் இறந்த இவள் கணவரின் குடும்பம் வேண்டாம் என்றால் இந்த ரொட்டி ஃபேக்டரியில் அவருக்கு இனி எந்த நாளும் இடம் கிடையாது. சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்து வேண்டும்.

சைரன் என்பது பட்டப்பெயர். மாவு பிசையும் மிஷினின் ஆப்பரேட்டர் அவர். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. இவள் கணவருக்குப் பெயர் ஒட்டகம். ஆறடிக்கு மேல் உயரம், வாசல்படி எல்லாம் குனிந்துதான் நுழைய வேண்டும். அவர்தான் அந்த மிஷினின் மெக்கானிக். இரண்டு பேரும் பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

அந்த மிஷினின் தொட்டிக்குள் ஆள் இறங்கினால் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் சொந்தப் பூட்டைத் தொங்கவிட வேண்டும். சிவப்புப் பூட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி. யாருடையது என்று தெரிய அதன்மேல் பெயர் எழுதியிருக்க வேண்டும். பூட்டியவர்தான் திறக்கலாம். அன்றைக்குச் சைரன் தன் சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, ஆபீஸிலிருந்து எல்லாப் பூட்டையும் திறக்கும் பொதுச்சாவியை எடுத்துவந்தார். காலையில் தான் போட்ட பூட்டை எடுத்துவிட்டதை மறந்து, அதுதான் தொங்குகிறது என்று நினைத்துத் திறந்தார், சுவிட்சைத் தூக்கினார். உள்ளே ஒட்டகம் இருந்தார். இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

விஷயம் எப்படியோ கொழுந்தன் காதுக்கு எட்டி, அரைமணிக்குள் போன் வந்தது. அண்ணனை அரைச்சுக் கொன்னவனை உள்ளே விட்டால் அண்ணி முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றான். பாஸ்டரோ போன மாதமே, மன்னித்துவிடம்மா, மனசு லேசாகும் என்று சொல்லியிருந்தார். லேசாவதற்கு முதலில் கனக்க வேண்டுமே! அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். சைரன் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற அந்த ஒரு வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அதைச் சைரன்மேல் உள்ள கோபம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கையெழுத்துக்கு முன்னால் விசாரணை அறிக்கையைப் படித்தாக வேண்டும் என்பது சட்டமாம். மேனேஜர் சட்டம் என்றால் உயிரை விடுகிற மனுஷன், ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். அவள் இதுவரை அதைப் பார்த்ததில்லை. மூன்றாம் பக்கத்தில் சைரனின் வாக்குமூலம் கைப்பட இருந்தது. கோணல் எழுத்து.

"பூட்டில் ஒட்டகம் என்று பெயர் தெளிவாக இருந்தது. நான் பார்க்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது."

அவள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். பிறகு இன்னொரு தரம். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன் என்று எழுந்துவிட்டாள்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தையல் பெட்டிக்குள், நூல்கண்டுகளுக்கு அடியில் அந்தப் பூட்டு கிடந்தது. அன்றைய களேபரத்தில் யாரோ கடிகாரம், சாப்பாட்டு டப்பாவோடு அதையும் பையில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டார்கள். தப்பை ஒப்புக்கொண்டவன் கைகட்டி நிற்கும்போது எவன் பூட்டைத் தேடுவான்? அதில் பெயர் இல்லை. "ஒ"வின் சுழி மட்டும் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

விபத்து நடந்த அந்த வாரம் முழுக்க கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர் அழிந்துபோச்சு, உன் நகப்பாலிஷால் எழுதிக் கொடு, அதுதான் எண்ணெய்க்கு அசையாது என்றார். ஒட்டகம்னு எழுத எவ்வளவு பாலிஷ் செலவாகும் தெரியுமா, எலின்னு பேர் வாங்கியிருக்கக் கூடாதா என்று இவள் சிரித்தாள். நாளைக்கு என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். பாலிஷ் புட்டி கண்ணாடிக்கு முன்னாலேயே இருந்தது, கை நீட்டினால் எட்டும். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால்தானே ஒருவர் மன்னிக்க முடியும்? பூட்டில் பெயர் இல்லாமல் இறங்கினால் தப்பு இறங்கியவருடையது, அவர் குடும்பத்துக்கு வேலை கிடையாது. அதையும் அவள் பிறகுதான் தெரிந்துகொண்டாள். அப்போது அவள் அவருடைய வாரிசாக வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே பெஞ்சில் சைரன் உட்கார்ந்திருந்தார். முடிவு தெரியக் காலையிலிருந்தே காத்திருக்கிறாராம். ஆள் பாதியாகியிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். அவள் பூட்டை நீட்டினாள்.

"இதுல பேரு இல்லண்ணே."

அவர் அதைத் தொடவில்லை. "தெரியும்" என்றார். அந்தக் குரலா இது? பக்கத்தில் நின்ற இவளுக்கே பாதிதான் கேட்டது.

"இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவர் மெதுவாகச் சொன்னார். ஒட்டகம் அந்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் அதே கதையைத்தான் அளந்தாராம். வீட்டுக்காரி எழுதித் தரப்போகிறாள், சிவப்புப் பூட்டில் ரோஸ் கலர் எடுக்குமா என்று கேட்டாராம். விசாரணையில் பூட்டைப் பற்றிக் கேட்டபோது சைரனுக்கு அதுதான் ஞாபகம் வந்ததாம்.

"பேரு இல்லன்னு சொன்னா தப்பு செத்தவன் தலையில விழும். உங்களுக்கு வேலை வராது. அதுகூடப் பரவாயில்ல, எப்படியாவது பொழைச்சிருப்பீங்க. ஆனா நீங்க எழுதாம விட்டது உங்களுக்கு ஞாபகம் வந்துடும். அது வரக்கூடாதுன்னு நெனச்சேன், தங்கச்சி."

"வந்துடுச்சுண்ணே" என்றாள் அவள். "அன்னைக்கே வந்துடுச்சு."

அவர் முதன்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இரண்டு வருஷம் இவள் எதைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும்.

"பேரு இருந்திருந்தாலும் நான் பாத்திருக்க மாட்டேன். பாக்கற பழக்கமே விட்டுப்போச்சு எனக்கு. அதுல பொய் இல்ல."

"நான் எழுதியிருக்கணும்."

"விடுங்க" என்றார் சைரன்.

பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டவரிடம் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கிருபை, கிருபை என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. உழைத்து வாங்குவதல்ல, சும்மா கிடைப்பது என்பார் பாஸ்டர். இந்தக் காலத்தில் சும்மா எவன் தருகிறான் என்று நினைத்துக்கொண்டே ஆலயத்துப் பெஞ்சுகளைத் துடைத்துவிட்டு வருவாள். இங்கே ஒருவர் இரண்டு வருஷமாகத் தந்துகொண்டிருந்திருக்கிறார். வேலை, பெயர், நிமிர்ந்து நடக்கிற நடை எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டவளுக்குத்தான் அது தெரியவே இல்லை.

அவள் உள்ளே போனாள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே காலியாக இருந்த இடத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினாள். "பூட்டில் பெயர் இல்லை. அதை எழுதித் தர வேண்டியவள் நான். எழுதவில்லை." எழுதியதன்மேல் பூட்டை வைத்தாள்.

மேனேஜர் படித்தார். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எழுதித்தான் ஆகணுமாம்மா? கையெழுத்து மட்டும் போதுமே. இது மேல போச்சுன்னா உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் இல்ல."

"தெரியும் சார்."

"பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கா."

"தெரியும் சார்" என்றாள் மறுபடியும். குரல் கொஞ்சம் நடுங்கியது. பயம்தான், வேறென்ன? வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் எதற்கும் பயந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பூட்டையும் தாளையும் ஒரு கவரில் போட்டு மூடி, மேலே அனுப்புகிறேன், பதில் வருகிறவரை வேலைக்கு வாருங்கள் என்றார்.

வெளியே வந்து சைரனிடம் சொன்னாள். சம்மதம் எழுதியதைக் கேட்டு அவர் கைகூப்பினார். மற்றதைக் கேட்டதும் கூப்பிய கை அப்படியே நின்றது. எதற்கு எழுதினீங்க, யார் கேட்டாங்க, நான் சுமந்தது சுமந்ததாகவே இருக்கட்டும்னு விட்டிருக்கக் கூடாதா என்று பழைய சைரன் குரலிலேயே சத்தம் போட்டார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"நான் அவனை..." என்று ஆரம்பித்தார்.

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஸ்டர் சொன்ன பெரிய வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. சற்றுமுன் கிடைத்த ஒன்றுதான் கையில் இருந்தது.

"விடுங்கண்ணே" என்றாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. ரொட்டி உறைகள் அவளுக்காகக் காத்திருக்கும். எழுந்து நாலு அடி நடந்தவள் கேட் பக்கக் குழாயில் நின்று, சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டைத் தண்ணீருக்குக் கீழே நீட்டினாள். காலையில் பட்ட சூடு அப்போதுதான் எரிய ஆரம்பித்தது.