ஏழு வரிப் பாம்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு காலி இடத்தில் பிறந்தது. நான் வேலை பார்க்கும் சிறுவர் கலைக்களஞ்சியத்தின் நாலாவது தொகுதியில், புராணப் பாம்புகள் பற்றிய பக்கத்தில் ஏழு வரி குறைந்தது. பக்கம் வடிவமைப்பவர் என் மேசைக்கு வந்து, படத்தைப் பெரிதாக்கினால் வால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், எழுத்தாகவே ஏதாவது கொடுங்கள் என்றார். அச்சகத்து வண்டி வாசலில் நின்றது. எங்கள் தொழிலில் உண்மை காத்திருக்கும், வண்டி காத்திருக்காது. ஒரு பாம்பின் பெயருக்கு நானே பொருள் எழுதிக் கொடுத்தேன். ஏதோ பழைய மொழியில் ‘உறங்காமல் காப்பவள்’ என்று அர்த்தம். முட்டைகளைச் சுற்றி நூறு இரவு இமைக்காமல் கிடந்ததால் வந்த பெயர். (பாம்புக்கு இமையே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.)

பாம்பின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “ஆதியில் கடல் இருந்தது. அதன் அடியில் மாபெரும்...”

வேண்டாம். கடலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது தொடக்கம்: என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. இது நிஜம், அதனால் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. பதினேழு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள். வெளியே பெஞ்சில் என் தங்கை. தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, லிஃப்ட் பழுது பார்ப்பவர். அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்று நம்புகிறவர். தங்கை பொழுதுபோக்க நான் வேலை செய்த தொகுதிகளைச் சுமந்துவந்து வைத்தார். அவள் என் ஏழு வரியில் போய் நின்றாள். பதினெட்டாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தபோது அந்தப் பாம்பின் பெயரும் கூடவே வந்தது.

[மாப்பிள்ளையை முதல் வரைவில் கோபக்காரராக வைத்திருந்தேன். சரிபார்க்கலாமென்று, உங்களுக்குக் கோபம் வருமா என்று கேட்டேன். யார் சொன்னது என்று கோபப்பட்டார். இப்போது சாதுவாக்கியிருக்கிறேன்.]

3

அந்த வாரமே ஓய்வுபெற்ற மொழிப் பேராசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. அந்தப் பெயரின் வேர்ச்சொல்லுக்கு ‘அழுகுதல்’ என்று பொருளாம். கொல்லப்பட்ட பாம்பு வெயிலில் கிடந்து நாறியதால் வந்த பெயராம். அவர் தப்பாக இருக்கவேண்டுமே என்று மூன்று நாள் தேடினேன். மனிதர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். அடுத்த பதிப்பில் திருத்தம் போடாமல் இருக்க முடியாது.

4

முடிவு ஒன்று: வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறேன். குழந்தை வளர்ந்து, பள்ளி நூலகத்தில் புதிய பதிப்பை எடுத்து, தன் பெயரைத் தேடி... (எழுத மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: பேராசிரியர் காலமாகிறார். (பாவம், நல்லவர். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

5

நடந்தது இது. பிறப்புப் பதிவு அலுவலக வரிசையில், எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, பொய் நாலாவது தொகுதியில் மட்டும்தானா என்று விசாரித்தார்.

தங்கை குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“அப்போ அந்தப் பாம்பு முட்டையைக் காக்கலையா?”

“முட்டையே கிடையாதும்மா. நான் சேர்த்தது.”

“பதினேழு நாள் நான் கண்ணை மூடலை அண்ணா. மூடினா இவ போயிடுவாளோன்னு பயம். உன் ஏழு வரிதான் என்னை அங்க உட்கார வச்சுது. அது பொய்னா, நான் உட்கார்ந்திருந்தது என்ன?”

எனக்கு அழுகை வந்தது. அவள் மனுவை என் கையில் வைத்தாள்.

“பேரை நீயே எழுது. எதை எழுதினாலும் நாளைக்கு இவ ஏன்னு கேட்பா. அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்.”

நான் எழுதியதை இங்கே சொன்னால், அச்சில் வந்துவிட்டதே என்று நீங்கள் அதையே சரியென்று நம்பிவிடுவீர்கள். அதனால் மனுவை உங்களிடம் தருகிறேன். எழுத்தர் அடுத்தது யார் என்கிறார், பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். குழந்தை விழித்துக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறது. எழுதுங்கள்.